மேம்பாலத்துல யாரும் கை வெக்கக் கூடாது

மொதல்லயே சொல்லிடுறேன், எனக்கு எடது காலு போலியோ. ஆனா வாயி நல்லா ஓடும். கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன். வண்டி, பின்னாடி ரெண்டு பக்கமும் சைடு வீல் வெச்ச பழைய ஸ்கூட்டர். சுரேந்தர் வண்டின்னா தெருவே திரும்பிப் பாக்கும். அதுல எனக்குக் கொஞ்சம் திமிரு உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன்.

2011 வைகாசியில எனக்குக் கல்யாணம். பொண்ணு சந்திரலேகா. சிதம்பரத்துல ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தாண்ட வூடு, அங்கயே ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை. பொண்ணு பாக்கப் போனப்பவே அவளுக்கு என்னப் புடிச்சிப் போச்சி. "காலு கெடக்குது, நீங்க வாயாலயே பொழச்சிக்குவீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சிரிச்சா. அவுங்க அப்பா தில்லைநாதன் மட்டும் உம்முன்னு உக்காந்திருந்தாரு. என்னா கொறைன்னு கேட்டா, காலு கொறை இல்லயாம், வண்டிதான் கொறையாம்!

விஷயம் இதுதான். என் வண்டி தனியாப் போனா பறக்கும். பின்னாடி ஆளு உக்காந்தா மேட்டுல மூச்சு வாங்கி நின்னுடும். சைடு வீல் கட்டிக் குடுத்த புண்ணியவான் டிராக்டருக்குப் போட வேண்டிய இரும்ப எல்லாம் அதுல போட்டு வெச்சிருந்தான். அன்னிக்கிக் காலையில என் அத்தை விருத்தாம்பாளப் பின்னாடி ஏத்திக்கிட்டு வந்தேன். பாதிப் பாலத்துல வண்டி நின்னு, அத்தை எறங்கித் தள்ளித்தான் ஏறுனோம். அத இந்த மனுஷன் பாத்துட்டாரு.

"தம்பி, உங்க மேல ஒரு கொறையும் சொல்லல. ஆனா என் பொண்ணு நடுப் பாலத்துல எறங்கி வண்டி தள்ளுறத ஊரு பாக்கணுமா?"ன்னு கேட்டாரு.

சுருக்குன்னுச்சி. கேட்டதுல ஞாயம் இருந்ததால இன்னும் ஜாஸ்தி சுருக்குன்னுச்சி. எனக்குக் கோவம் வந்தா வாயி நிக்காது. "மாமா, தாலி கட்டுன கையோட பாலும் பழமும் சாப்புட உங்க வூட்டுக்கு வரணும்ல? அவள என் வண்டியில உக்கார வெச்சித்தான் பாலம் ஏறுவேன். ஒருத்தர் கை வண்டி மேல படாது. பட்டுச்சின்னா அன்னியோட இந்த வண்டியத் தொட மாட்டேன்"னு சொல்லிட்டேன். வெளிய வந்த பெறகுதான் ஒறச்சிச்சி. அந்த வண்டிதான் எனக்குக் காலு. கோவத்துல காலயே பந்தயம் கட்டிட்டு வந்திருக்கேன்.

நேரா கலைமணி பட்டறைக்குப் போனேன். கலைமணி என் மச்சான், ஓ.டி.யிலயே லேத்து வெச்சிருக்கான். பிரவுசிங் சென்டர்ல எடுத்த படத்த அவன் முன்னாடி போட்டேன். வெளிநாட்டுல பழைய காருங்கள ரேசுக்குன்னு மாத்துறவன், இரும்பு கண்ட எடமெல்லாம் வரிசையா ஓட்ட போட்டு வெச்சிருக்கான். எடையும் கொறையும், பாக்கவும் கெத்து.

"அடப்பாவி, இடியாப்ப அச்சு மாதிரி ஆக்கி வெச்சிருக்கானே!"ன்னான் கலைமணி.

"நமக்கும் அதேதான் மச்சான். போடு."

கடைய மத்தியானத்தோட மூடிட்டுப் பட்டறைக்கு ஓடுவேன். குறி வெக்கிறது நானு, டிரில் போடுறது அவன். ரெண்டு பேருக்கும் சண்ட இல்லாத நாளே கெடையாது. ஓரத்துல போடக் கூடாது, வெல்டிங் கிட்டப் போவக் கூடாது, பட்டையோட நடு மத்தியில மட்டும்தான்னு அவன் நிப்பான். பெருசு, சிறுசு, பெருசுன்னு வரிசை தப்பாம வரணும்னு நான் நிப்பேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் ரெண்டு பக்கமும் வாயச் சீவி விட்டோம். வெரல வெச்சாக் கீறாது, வெயில்ல பாத்தா மின்னும். சைடு வீல் தாங்குற பட்டை, சக்கரத்து மேல இருக்குற தகடு, கால் வெக்கிற தட்டு, சீட்டுக்கு அடியில இருக்குற ஆங்கிள் இரும்பு, ஒண்ணும் பாக்கி இல்ல. சீவுன இரும்புப் பிசிறே பெயிண்ட் பக்கெட் நெறைய வந்துச்சி. கை ருசி கண்டுடுச்சி, பிரேக் கட்டையிலயும் போடச் சொன்னேன்.

கலைமணி டிரில்ல ஆஃப் பண்ணிட்டான். "பிரேக்குல ஓட்ட போடணும்னா வேற எவனயாவது பாத்துக்க. உன் கல்யாணத்துக்கு வர்றேன், கருமாதிக்கு வர மாட்டேன்."

சரி, அத வுட்டுட்டோம். அடுத்து டெஸ்ட் பாக்கணும். பொண்ணு எடை தெரியணுமே? போனப் போட்டேன்.

"பொம்பளகிட்டக் கேக்குற கேள்வியா இது?"ன்னா சந்திரலேகா. எதுக்குன்னு சொன்னேன். "அம்பத்தெட்டு. பட்டுப் புடவ, மாலையோட அறுவது போட்டுக்குங்க. நான் எறங்க மாட்டேன், பாத்துக்குங்க"ன்னு சொல்லி வெச்சிட்டா. அப்பவே இவதான் எனக்குச் சரியான ஆளுன்னு தெரிஞ்சி போச்சி.

அறுவது கிலோ அரிசிய மூட்ட கட்டிப் பின்னாடி வெச்சி சிதம்பரம் பாலத்துல வுட்டேன். நடக்குற வேகந்தான், ஆனா நிக்காம உச்சிக்கு ஏறிடுச்சி. கலைமணி பக்கத்துலயே ஓடி வந்தான். "இதுக்கு மேல ஒரு தேங்கா வெச்சாலும் நின்னுடும் மச்சான்"ன்னான். தேங்கா எவன் வெக்கப் போறான்னு நான் சிரிச்சேன்.

கல்யாணத்தன்னிக்கி பாலத்துக்கு இந்தாண்ட இருக்குற மண்டபத்துல தாலி கட்டி முடிச்சி, அவ கையப் புடிச்சிக்கிட்டு வெளிய வர்றேன். வண்டியப் பாத்தேன், தலையில இடி வுழுந்த மாதிரி ஆயிடுச்சி.

காடாம்புலியூர்லேர்ந்து வந்த விருத்தாம்பா அத்தை வண்டிய சோடிச்சி வெச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் தாரோட ஒவ்வொரு வாழமரம். பத்தாததுக்கு அவுங்க கொல்லயில காய்ச்ச பலாப்பழம் ஒண்ணு, சின்னப் புள்ள சைசுல, சைடு வீல் தகட்டு மேல குந்திக்கிட்டு இருக்குது. நாங்க எடையக் கொறைக்கப் போட்ட ஓட்டையில எல்லாம் அத்தை கயிறு வுட்டு எடையக் கட்டியிருக்காங்க!

"கட்டுறதுக்கு வாட்டமா எத்தன ஓட்ட போட்டிருக்குற சாமி!"ன்னு என் கன்னத்த வழிச்சி நெட்டி முறிச்சாங்க. கலைமணி அந்தாண்ட திரும்பிக்கிட்டான். நான் எவனுக்கும் பயப்படாதவன். ஆனா மங்களப் பொருள எறக்குங்கன்னு அத்தைகிட்ட, அதுவும் அத்தன சனத்துக்கு முன்னாடி, சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஏறி உக்காந்துட்டேன், அவளும் பின்னாடி ஏறிக்கிட்டா.

மேளம் முன்னால போச்சி. பாலத்துல கால்வாசி ஏறும்போதே இஞ்சின் சத்தம் மாறுச்சி. பாதியில ஆமை வேகம். சனம் சுத்தி நடந்து வருது. எனக்குப் பட்டுச் சட்டை முதுகோட ஒட்டிப் போச்சி. பக்கத்துல பாத்தா தில்லைநாதன். நக்கல் பண்ண வரல, மனுஷன் மூஞ்சியில என்ன விட ஜாஸ்தி பயம். தள்ளுறதுக்கு ரெண்டு கையயும் நீட்டிக்கிட்டே வர்றாரு.

"மாமா, கை வெக்காதீங்க!"ன்னு கத்துனேன். கத்துன கத்துல எனக்கே அழுக வந்துடுச்சி. இன்னும் பத்தடி போனா வண்டி நிக்கும். அவரு கை படும். அதோட முடிஞ்சிச்சி.

சந்திரலேகா என் தோளுக்கு மேல எட்டி, "எவ்ளோ ஜாஸ்தி?"ன்னு கேட்டா.

"என்னா?"

"எடைங்க! எவ்ளோ ஜாஸ்தி?"

"அந்தப் பலாப்பழம், வாழமரம், எல்லாந்தான்!"

அவ ஒடனே திரும்புனா. மருதாணிக் கையால முடிச்ச அவுக்க ஆரமிச்சிட்டா. பின்னாடி அத்தை, "அடியே, அபசகுனம்டி!"ன்னு அலறுறாங்க. இவ பலாப்பழத்த ரெண்டு கையாலயும் தூக்கி, "அப்பா, புடிங்க!"ன்னா.

தள்ளுறதுக்கு நீட்டுன கையில பலாப்பழம் வந்து வுழுந்துச்சி. மனுஷன் அத மாரோட அணைச்சிக்கிட்டுத் தடுமாறுனாரு. ஒரு வாழமரத்த அந்தப் பக்கம் கலைமணி மேல சாச்சா, இன்னொண்ண மேளக்காரரு ஒருத்தரு வாங்கிக்கிட்டாரு. வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சி. இஞ்சின் பழைய சத்தத்துக்கு வந்துச்சி. கடகடன்னு ஏறுச்சி பாருங்க, நான் ஊளை வுட்டேன், மாப்ளன்னும் பாக்காம!

உச்சியில போயி நிறுத்துனேன். அவ எறங்கல. மூஞ்செல்லாம் வேர்வ, மாலை கோணிக் கெடக்கு, சிரிக்கிறா. என் வாழ்நாள்ல அவ்ளோ அழகா எதையும் நான் பாத்ததில்ல.

கொஞ்ச நேரங்கழிச்சி மாமனாரு பலாப்பழத்தோட மூச்சு வாங்கிக்கிட்டு வந்து சேந்தாரு. வேட்டி சட்டையெல்லாம் பலாப் பாலு ஒட்டிக்கிட்டு இருக்கு.

"ஏறுங்க மாமா. இனிமே எறக்கந்தான், யாரு வேணா ஏறலாம்"னேன்.

சைடு வீல் தகட்டு மேல, மகளுக்குப் பக்கத்துல, பழத்த மடியில வெச்சிக்கிட்டு உக்காந்தாரு. குனிஞ்சி ஓட்டைங்கள ஒரு தடவ தடவிப் பாத்தாரு. அப்பறம் கீழ பாலத்து எறக்கத்தப் பாத்தாரு.

"பிரேக் நல்லா புடிக்குமா மாப்ள?"ன்னாரு.

அது வரைக்கும் என்னத் தம்பின்னுதான் கூப்புடுவாரு.

"அதுல மட்டும் ஓட்ட போடல மாமா"ன்னு சொல்லிட்டு வண்டிய வுட்டேன்.