சுழலும் கோப்பைக்குள் ஒரு முகம்

யோகமலர் ஈரப்புல்லில் முழங்காலிட்டு, தலைக்குமேல் சுழன்ற சங்கிலி ராட்டினத்தை இன்னொரு தடவை படமெடுத்தாள். கமராத் திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போயிற்று.

"என்னவாம்?" குடையோடு நின்ற அவள் கணவர் குகநாதன் கேட்டார்.

"படத்தில ராட்டினம் பழையபடி நிக்குது."

வால்தம்ஸ்டோ மைதானத்தில் வந்திறங்கியிருந்த ராட்டினங்கள் மறுநாள் வேறு ஊருக்குப் போய்விடும். அவளுடைய புகைப்படக் கழகத்தின் கண்காட்சிக்குப் படம் அனுப்பவும் இன்றுதான் கடைசி நாள். தலைப்பு, 'ஓட்டம்'. போன கிழமை அவள் காட்டிய படத்தைப் பார்த்த செயலாளர், ராட்டினம் பழுதாகி நின்றுவிட்டதா என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்திருந்தார். கேலி செய்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அவர் கேட்டதிலும் பிழையில்லை. வெம்பிளிப் பக்கத்தில் கலியாணமோ, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடோ, படமெடுக்க யோகமலரைத்தான் கூப்பிடுவார்கள். மணவறையில் ஏறி நிற்கிற கூட்டத்தில் ஒரு பெரியப்பாவின் மூக்கு மங்கினாலும் குடும்பம் இரண்டுபடும். அசைகிறதையெல்லாம் பிடித்து நிறுத்துவதே அவள் கைப்பழக்கமாகிவிட்டது.

இம்முறை கமராவின் கண் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி வைத்து எடுத்தாள். ராட்டினம் வெளிச்சக் கோடுகளாக ஓடியது. அதில் இருந்தவர்களும் சேர்ந்து கரைந்து போனார்கள்.

"இப்ப ஓடுதுதானே?"

"ஆரப்பா ஓடினம்? ஒரு மனிசரையும் காணேல்லை."

"இஞ்சரும், மழை வரப்போகுது. அடுத்த வருசம் பாப்பம்."

"நான் வரேல்லை. நீங்கள் போறதெண்டால் போங்கோ."

அவர் போகவில்லை.

பக்கத்தில் பெரிய தேநீர்க் கோப்பைகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுழன்றன. ஒன்றுக்குள் ஒரு தாய், அந்தச் சுற்றலிலும் எதிரே இருந்த மகளின் வாயில் உருளைக்கிழங்குப் பொரியலைக் குறி தவறாமல் வைத்துக்கொண்டிருந்தாள். யோகமலர் சட்டென்று எழும்பினாள். கூடவே சுற்றுகிறவளுக்கு எதிரில் உள்ள முகம் ஓடாது. வெளியில் உள்ளதுதான் ஓடும்.

கமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தால் ஏறலாம் என்றான் ராட்டினக்காரன்.

"வாங்கோ, ஏறுங்கோ," என்று யோகமலர் கணவரைக் கூப்பிட்டாள்.

"நானோ? பஸ்ஸில பின்சீற்றில இருந்தாலே எனக்குப் பிரட்டும்."

"எனக்கொரு முகம் வேணும்."

"வேற முகம் கிடைக்கேல்லையோ உமக்கு?"

"மற்றவையின்ர முகமெல்லாம் ஆடும். நீங்கள் பயத்தில விறைச்சுப்போய் இருப்பீங்கள்."

விறைத்துத்தான் இருந்தார். ஆனால் யோகமலரின் முழங்கைகள் ஆடிவிட்டன. படம் முழுக்கக் கஞ்சியாகக் கலங்கிப்போயிற்று. இறங்கி, மறுபடி வரிசையில் நின்றார்கள். அடுத்த சுற்றில் அவர் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டதில் வழுக்கைதான் விழுந்தது.

"இனி ஏலாது, யோகம்."

"இன்னும் ஒண்டு. நிமிந்து என்னைப் பாருங்கோ. வெளியில பாக்காதேங்கோ."

முதுகைக் கோப்பைச் சுவரோடு அழுத்தினாள். முழங்கைகளை விலாவோடு இறுக்கினாள். மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அழுத்தினாள்.

இறங்கியதும் குகநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் திரையை நீட்டினாள். சுற்றிவர விளக்குகளும் வானமும் கூட்டமும் கோடுகோடாக இழுபட, நடுவில் அவர் முகம் மட்டும் மயிர்க்காலும் தெரியத் துல்லியமாக இருந்தது. கண் பிதுங்கி, வாய் திறந்தபடி.

"இதையோ அனுப்பப்போறீர்? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

"ஓடுதெண்டு சொல்லும்."

அவர் இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். "சரி. பேரையாவது போடாதையும்."

யோகமலர் படத்தைத் தொலைபேசிக்கு மாற்றி, அதன் பெயர் கேட்ட இடத்தில் 'என் கணவர் குகநாதன்' என்று அடித்து, முதல் மழைத்துளி விழும்போதே அனுப்பிவிட்டாள்.