மூன்று தரம் சொல்லும் சொல்

...அப்படியென்றால் பேசாமல் இருப்பது எதில் சேரும், ஆமிலா இல்லையிலா, அதை மட்டும் இயேசு ஏன் சொல்லாமல் விட்டார் என்று ஜெனிற்றா யோசித்துக்கொண்டிருந்தாள், மடியில் வேதாகமம் திறந்தபடி கிடந்தது, உள்ளங்கை வேர்த்துத் தாளின் ஓரம் நனைந்திருந்தது. இந்தக் கிழமை அன்பியச் செபக்கூட்டம் அவர்கள் வீட்டு முறை, பக்கத்துச் சனங்கள் பாயிலும் கதிரைகளிலுமாக விறாந்தையை நிறைத்திருந்தார்கள், நடுவில் அந்தோனியார் சுரூபம், முன்னால் ஒரு மெழுகுதிரி. வருகிற ஞாயிறு நற்செய்தியை ஒருவர் வாசிக்க வேண்டும், பிறகு மௌனம், பிறகு அவரவர் மனதில் தைத்த சொல்லை மூன்று தரம் உரக்கச் சொல்ல வேண்டும், விளக்கமும் கூடாது, மறுமொழியும் கூடாது. வாசிப்பை அவள் தலையில் கட்டியது அன்பியத் தலைவர் பொஸ்கோ மாமா, அடுத்த வருசம் ஓ லெவல் எடுக்கிற பிள்ளை, குரல் நல்லது என்று. உங்கள் பேச்சில் ஆம் என்பது ஆமாக இருக்கட்டும், இல்லை என்பது இல்லையாக இருக்கட்டும்... அந்த இடத்தில்தான் நாக்கு சறுக்கியது, ஆம் என்று அச்சில் இருக்க அவள் வீட்டில் கதைக்கிற மாதிரி ஓம் என்று வாசித்துவிட்டாள். "பாருங்களன், பிள்ளை வேதாகமத்தை எங்கட கற்பிட்டிக்கே கூட்டிக்கொண்டு வந்திட்டாள்" என்றார் பொஸ்கோ மாமா, எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் கிளிற்றஸ் சிரிக்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்காது. திங்கட்கிழமையிலிருந்து அவனுடைய இடது காது செத்துவிட்டது, வலதும் மந்தம், சளி என்று சொல்லி வைத்திருக்கிறான், பக்கத்தில் வெடி வெடித்தால் காது அப்படித்தான் போகும் என்று இந்தக் கரையில் தெரியாதவர்கள் யார், ஆனாலும் சளிதான் என்று எல்லாரும் தலையாட்டுகிறார்கள், ஒருவேளை உண்மையிலேயே நம்புகிறார்களோ, நம்பினால் நல்லதுதானே...

நல்லதா? திங்கட்கிழமை விடியமுதல் கடலில் போட்டைத் தள்ளும்போது தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான், அண்ணனுக்கு ஒரு கோப்பை, ஸுஹைபுக்கு ஒரு கோப்பை. "தங்கச்சி, இதுக்குச் சீனி போட்டியா, இல்லாட்டிக் களப்புத் தண்ணியா?" என்று ஸுஹைப் கேட்டான், முன்வீட்டுக் கமறியா மாமியின் மகன், அண்ணனோடு ஒன்றாக வளர்ந்தவன், நோன்பு நாளில் கஞ்சியும் நத்தாருக்குக் கேக்கும் வேலிக்கு மேலால் போய்வந்த வீடு. அவளுக்குக் கோபம் வந்தது, பதில் சொல்லாமல் திரும்பிவிட்டாள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சும்மா ஓம் என்றாவது. வெயில் ஏற அண்ணன் தனியாக வந்தான். மண்ணும் சவர்க்காரமும் போட்டுப் போட்டைத் தேய்த்தான், தேய்த்தான், மரம் வெளுக்கும்வரை தேய்த்தான். மீனுக்கு எறிய எடுத்த வெடி ஸுஹைபுடைய கையிலேயே வெடித்துவிட்டது என்றான். ஆள் எங்கே என்று கேட்டதற்குக் கடலைப் பார்த்தான். மூச்சு இல்லை என்றான். கொஞ்சம் பொறுத்து, அவளைப் பார்க்காமல், "இல்லை எண்டுதான் நினைக்கிறன்" என்றான். அந்த 'நினைக்கிறன்' அன்றையிலிருந்து அவள் காதுக்குள் இருக்கிறது, சோற்றைப் பிசையும்போது, பாடசாலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, முகம் கழுவத் தண்ணீரை அள்ளும்போது... நினைத்தால் போதுமா, தொட்டுப் பார்க்கவில்லையா, நெஞ்சில் காதை வைத்துக் கேட்கவில்லையா, கேட்டாலும் அந்தக் காதில் என்ன கேட்டிருக்கும்.

ஸுஹைப் என்னோடு வரவில்லை, விளங்குதா, யார் கேட்டாலும் வரவில்லை என்று அண்ணன் சொல்லிக் கொடுத்தான். வெடி போட்டது தெரிந்தால் பொலிஸ் பிடித்து மறியலில் போடும், அப்பாவும் இல்லாத வீடு, போட்டும் போய்விடும். அதற்கு மேலேயும் ஒன்று இருந்தது, அவன் அதைச் சொல்லவில்லை, அவளே யோசித்தாள், கோவில்களில் குண்டு வெடித்த அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு இந்த ஒழுங்கையின் இரண்டு பக்கமும் முகம் பார்த்துக் கதைக்க எத்தனை காலம் எடுத்தது, இனி அந்தப் பக்கத்தில், இவர்கள் எங்கள் பொடியனைக் கடலில் போட்டுவிட்டு வந்தார்கள் என்று ஒரு கதை கிளம்பினால்? அடுத்த நாள் காலை கமறியா மாமி படலைக்கு வந்தா. முந்தானை தலையிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. "எங்கட ஸுஹைப் ஒங்கட அண்ணனோட போனானா மகள்? நீ சொன்னா நான் நம்புவேன்."

இல்லை மாமி, நான் காணவில்லை என்றாள் ஜெனிற்றா. ஒரு இல்லை போதாதென்று இன்னொன்றும் சேர்த்தாள், அவர் கொழும்புக்குப் போகப்போவதாக ஒருநாள் சொன்னவர் என்று, அது எங்கிருந்து வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே, தானாக வாயில் வந்து உட்கார்ந்தது. அதற்கு மேலே வருவதெல்லாம் தீயவனிடமிருந்து என்று இப்போது வாசித்தாளே, அது இதுதானா. கமறியா மாமியின் முகம் தெளிந்தது, அதுதான் பயங்கரம், தெளிந்தது. அன்றே கொழும்பில் இருக்கிற தம்பிக்குப் போன் எடுத்தாவாம். அங்கேயும் வரவில்லை என்றானதும் ஒரு பக்கற் மெழுகுதிரி கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தா, "ஒங்கட அந்தோனியார் காணாமப் போனதக் காட்டிக் குடுப்பாராமே, எனக்காகப் பத்த வையுங்க" என்று. அதில் ஒன்றுதான் இப்போது சுரூபத்துக்கு முன்னால் எரிகிறது. வெளியே மஃரிபுத் தொழுகை முடிந்து ஆட்கள் வீட்டுக்குத் திரும்பும் செருப்புச் சத்தம். காற்றில் திரி சாய்கிறது, அணையவில்லை.

வாசிப்பிலிருந்து ஒவ்வொருவராகச் சொற்கள் தொடங்கிவிட்டன. மூலையிலிருந்து லூர்தம்மா அன்ரி "எருசலேம்... எருசலேம்... எருசலேம்" என்றா, போன கிழமை வாசிப்பில் அந்த ஊர் வராததற்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி. பொஸ்கோ மாமா கண்ணை மூடிக்கொண்டு "தலைமுடி... தலைமுடி..." என்றார், அவருடைய வழுக்கையைப் பார்த்துப் பின்னாலிருந்து யாரோ மூக்கால் சிரித்தார்கள், "உள்ளதைத்தானே கேக்கோணும் மாமா" என்று ஒரு குரல், உஷ் என்று இன்னொரு குரல். அண்ணனுடைய முறை வந்தது, அவனுக்கு அதுவும் கேட்கவில்லை, பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்ததும் திடுக்கிட்டு "கர்த்தர்" என்றான், ஒரே ஒரு தரம். இனி அவள். பாதுகாப்பான சொற்கள் எவ்வளவோ இருந்தன, வானம், பூமி, சிம்மாசனம், எதையும் எடுக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அதுதானே முறை. வானம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அல்லது அப்படி நினைத்துக்கொண்டு திறந்தாளா...

"ஓம்."

எல்லாரும் மறுபடி சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தாள். சிரித்தார்கள், கொஞ்சம், அன்பாக. அச்சில் ஆம் என்று இருக்கிறது பிள்ளை என்று யாரோ கிசுகிசுத்தார்கள். அவர்களுக்கு அது வாய் தவறிய சொல். அவளுக்கோ அன்று படலையில் நின்ற ஒருத்திக்கு நாலு நாள் பிந்திய பதில், போனான் மாமி, அண்ணனோடுதான் போனான், நான்தான் தேத்தண்ணி கொடுத்தேன். "ஓம்" என்றாள் மறுபடி, இந்த முறை சத்தமாக, ஒழுங்கைக்கே கேட்டிருக்கும். மூன்றாவதைச் சொல்லிவிட்டால் பிறகு எழும்பலாம், எழும்பினால் நடக்கலாம், முன்வீட்டுக்கு இருபது அடிகூட இல்லை, மூச்சை இழுத்தாள்...

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று அம்மா தொடங்கினா.

அந்தச் செபத்துக்கு இன்னும் நேரம் வரவில்லை. பகிர்வு இருந்தது, மன்றாட்டு இருந்தது, எல்லாம் முடிந்த பிறகுதான் அது, இத்தனை வருசமாக அம்மாவுக்குத் தெரியாத முறையா. பொஸ்கோ மாமா குழம்பிப்போய்க் கண்ணைத் திறந்தார், பிறகு வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டார், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள், அண்ணனும் உதட்டைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்துகொண்டான். அம்மாவின் குரல் நடுங்கவில்லை, ஆனால் மற்ற எல்லாரையும்விட வேகமாக ஓடியது. ஒரு பிள்ளை வாய் தவறி ஓம் என்று சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும், மற்றவர்கள் சிரித்தார்கள்தானே, அந்த ஓம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்த ஒருவருக்குத்தானே அதைக் கண்டு பயம் வரும்... ஜெனிற்றா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுரூபத்தையே பார்த்துக்கொண்டு, எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்ற இடத்தில் மட்டும் மூச்சு வாங்கினா. அப்படியென்றால் அந்த மெழுகுதிரியைக் கையில் வாங்கும்போது, கமறியா மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கும்போது... அப்போதே தெரிந்திருந்ததா?