இறுகாத தளம்

படிக்கட்டின் குறுக்கே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள் தரணி. கையில் மாலையோடு வந்த தாய்மாமன் சாமியப்பன் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, உங்கப்பனப் பாக்கறதுக்கு டிக்கெட்டு வெச்சிருக்கறயா?"

"மேல பத்துப் பேருக்கு மேல நிக்கப்படாதுங்க மாமா. தளம் தாங்காதுங்க."

"ஊரான் கட்டடத்தையெல்லாம் நிமித்தி வெக்கறவ நீயி. உன்ற ஊட்டுத் தளம் தாங்காதுங்கறயா?"

அவர் சொன்னதில் பிழையில்லை. காங்கிரீட்டுக்குள் அறுந்த கேபிள்களைச் சீர் செய்வதே தரணியின் தொழில். முதலிபாளையத்தில் அவள் தந்தை குருசாமி எழுப்பிய அக்கட்டடத்தில் கீழே பனியன் துணிக் கிடங்கு, நடுவே தையல் கூடம், அதற்கு மேலே வீடு. கூடத்தின் நடுவே தூண் வரலாகாது என்று, தளத்துக்குள் எஃகுக் கேபிள்களை ஓட்டி, இருமுனையும் இறுக இழுத்துப் பூட்டச் செய்திருந்தார் அவர். யாழின் நரம்பைப் போல, விறைப்பு உள்ளவரைதான் அவற்றுக்கு உயிர்.

சிறுநீரகம் பழுதாகிக் குருசாமி படுக்கையில் விழுந்தபின், அவரது அறையிலேயே கழிப்பறை அமைக்க முனைந்தான் மகன் இளங்கோ. கேபிள் ஓடும் இடங்களைக் கோடிட்டுத் தருமாறு பெங்களூரிலிருந்த தங்கையை அழைத்தான். "ஞாயித்துக்கெழம வர்றனுங்ணா" என்றாள் தரணி. மூன்று ஞாயிறுகள் கழிந்தன. விரிப்பை நனைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தகப்பனைக் காணப் பொறாமல், கோடு இல்லாமலே தளத்தைத் துளைக்கச் சொன்னான் இளங்கோ. வேட்டுச் சத்தம் போல் மூன்று கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்தன.

மறுநாளே ஓடிவந்தாள் தரணி. தளத்தின் கீழே இரும்பு முட்டுகளை நிறுத்தினாள். அறுந்த நுனிகளைப் புதுத்துண்டு வைத்து இணைத்தாள். பூட்டும் முனையில் புதிதாகக் காங்கிரீட் வார்த்தாள். அது இறுகிய பிறகே ஜாக்கி வைத்துக் கேபிளை இழுக்க முடியும்; அதுவரை தளத்தைத் தாங்குபவை முட்டுகள் மட்டுமே. வார்த்து இரண்டே நாள் ஆகியிருந்தது. இன்று விடியலில் குருசாமியின் மூச்சு அடங்கிற்று.

மாமனை அழைத்துக்கொண்டு அவள் மேலே சென்றாள். உடலைக் கீழே கிடங்கில் கிடத்தலாம் என்று தரணி விடியலிலிருந்தே கெஞ்சியும், தாய் தெய்வாத்தாள் கணவனின் தலைமாட்டைவிட்டு அசைவதாக இல்லை.

"அவிய கட்டுன ஊடு சாமி. தண்ணி வாத்து இங்கிருந்துதான் எடுக்கோணும். கெடங்குல போட்டு அழுகறதுக்கு அவிய என்ன துணி மூட்டையா?"

"முந்நூறு பேரு வருவாங்கம்மா."

"வரட்டுமே. பாடுபட்டுச் சம்பாரிச்ச சனம்."

சாமியப்பன் தரையில் வாய்பிளந்து கிடந்த துளையைக் குனிந்து பார்த்தார். "எந்தக் கூறுகெட்டவன் இதப் பண்ணுனது?"

"நாந்தானுங்க மாமா" என்றான் இளங்கோ.

"தங்கச்சி இதுக்குன்னே படிச்சவடா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொறஞ்சா போயிருப்ப?"

இளங்கோ தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. "அவசரப்பட்டுட்டனுங்க."

அண்ணன் கேட்டாருங்க மாமா. மூணு வாரம் கேட்டாருங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தரணி குனிந்து துளையோரத்துச் சிமெண்ட் தூளைக் கையால் ஒதுக்கினாள். வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது; பெண்களின் அழுகுரல் தெருவிலேயே தொடங்கிவிட்டது.

அவள் தாயின் அருகே மண்டியிட்டாள். "அம்மா, முட்டு நழுவுச்சுன்னா, அப்பாவப் பாக்க வந்தவிய அத்தன பேரும் தளத்தோட உள்ள போயிருவாங்க. அப்பாவும்தான்."

தெய்வாத்தாள் கணவனின் நெற்றித் திருநீற்றைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

"தலையத் தொங்க உடாமக் கொண்டு போங்க."

படிக்கட்டின் திருப்பத்தில் கட்டில் திரும்பாது. துணிச்சுருள் ஏற்றும் சரக்கு லிஃப்ட் ஒன்றே வழி. அதில் ஆள் நீட்டிப் படுக்கவும் இடமில்லை. உடல் விறைக்குமுன் குருசாமியை நாற்காலியில் அமர்த்தி, மார்போடு வேட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். கூட ஒருவர்தான் நிற்க முடியும்.

"நீ போ" என்றான் இளங்கோ. "லிஃப்ட்டு மேல வந்தொடனே கட்டல நிமித்தி வெச்சு அனுப்பறேன்."

சாமியப்பன் தாயைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினார். கம்பிக்கதவு மூடிற்று. தரணி தந்தையின் எதிரே குந்தி, அவர் சரிந்துவிடாதபடி இரு முழங்கால்களையும் கட்டிக்கொண்டாள். லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கியது. அவர் தலை அசைந்து, மூக்கில் வைத்த பஞ்சு அவள் கூந்தலை உரசியது. நிமிர்ந்து பார்க்கவும் இடமில்லை. "அப்பா" என்றாள். கம்பிகளுக்கு வெளியே சுவர் மட்டும் மேலேறிக்கொண்டிருந்தது.

கீழே கதவைத் திறந்தவர்களுக்கு நடுவே சாமியப்பன் நின்றார்.

"உடு கண்ணு. நாங்க தூக்கிக்கறோம்."

அவள் பிடி தளரவில்லை. அவர் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நாற்காலி வெளியே போயிற்று. கூட்டம் அதன்மேல் கவிந்தது. தாயின் குரல் ஓங்கி எழுந்தது. குந்தியிருந்தவளை யாரும் கவனிக்கவில்லை. கதவருகே நின்ற ஒருவன் வழக்கப்படி அதை இழுத்துச் சாத்தினான்.

கட்டிலை ஏற்ற மேலே பொத்தானை அழுத்தினான் இளங்கோ.

லிஃப்ட் ஏறத் தொடங்கியது. அழுகுரல் காலடியில் இறங்கிப் போயிற்று. தையல் கூடத்தின் இருளில் இரும்பு முட்டுகள் வரிசையாகக் கடந்து சென்றன. பிறகு தளத்தின் விளிம்பு. அதற்கும் மேலே கம்பிகளுக்கு அப்பால், கட்டிலின் இரண்டு கால்களும், அவற்றுக்கு நடுவே அண்ணனின் வெறும் பாதங்களும்.