முழுசாச் சொல்லு

விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்தது.

"கரண்ட்டைப் பிடுங்கினாலும் எதிர்க்கட்சியால என்னை நிறுத்த முடியாது!" மைக்கில் முழங்கினார் வேட்பாளர்.

எதிரே காது கேளாதோர் சங்கத்து ஆட்கள் இருநூறு பேர். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மேடையில் அவர் பேச்சைச் சைகையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவள் கிசுகிசுத்தாள்.

"கரண்ட் போகல சார். குறுக்க பேசணும்னா இங்க சுவிட்சைத்தான் தட்டுவாங்க."

வேட்பாளர் அசடு வழிந்தார்.

தட்டியவர் ஒரு தையல்காரர். அவளுடைய அப்பா.

அப்பாவின் கைகள் படபடவென்று பேசி ஓய்ந்தன. அவள் சுருக்கினாள். "ஆஸ்பத்திரிக்குச் சைகை தெரிஞ்ச ஆள் கேக்குறார் சார்."

தையல்காரர் மேசையில் ஓங்கி அடித்தார். மகளின் உதடு சட்டென்று நின்றதை அவர் கவனித்துவிட்டார்.

'கை வலிக்கப் பேசியிருக்கேன். அவ்வளவுதானா? முழுசாச் சொல்லு.'

மொழிபெயர்க்கும்போது 'நான்' என்றால் அப்பா. தப்பிக்க வழியில்லை.

"என் சம்சாரத்துக்கு வயித்துல கட்டின்னு டாக்டர் சொன்னாரு. எங்களுக்குப் புரியவைக்க அங்க ஆள் இல்ல. என் பொண்ணுதான் சொன்னா. அப்ப அவளுக்கு வயசு பதினொண்ணு. சொல்லிட்டு, பயப்படாதீங்கன்னு எங்களுக்கே தைரியமும் சொன்னா. இன்னிக்கும் லீவு போட்டுட்டு எங்க பின்னாடியே அலையுறா. எங்களுக்குக் காதா இருந்தது போதும் சார். பொண்ணா இருக்கட்டும்."

வேட்பாளர் அவளையே பார்த்தார்.

"என்னை இல்ல சார். அவரைப் பாருங்க."

திரும்பினார். உதவியாளர் பதில் எழுதி நீட்டிய சீட்டை வாங்கவில்லை. "போன தடவையே ஆள் போடுறேன்னு சொன்னேன். ஜெயிச்சதும் மறந்துட்டேன்."

'முடியாமப் போச்சு' என்று பூசி மெழுக அவள் விரல்கள் துடித்தன. மெழுகவில்லை. மறந்துட்டேன் என்றே காட்டினாள்.

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைகள் மெதுவாக அசைந்தன.

'திங்கக்கிழமை உங்கம்மாவுக்கு செக்கப். இவர் வரட்டும். அங்கேயே பேசி ஆளைப் போடட்டும். ஓட்டு அப்புறம். நீ வராத.'

'நான் இல்லாம எப்படிப்பா பேசுவீங்க?'

'அது அவர் பாடு.'

அரங்கமே சிரித்தது. அவள் அதையும் முழுசாகவே சொன்னாள்.

வேட்பாளர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தையல்காரரின் முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "எத்தனை மணிக்கு வரணும்?"

அவள் கையைத் தூக்குவதற்குள் அப்பா அவர் உதட்டைப் படித்துவிட்டு ஒன்பது விரல்களைக் காட்டினார்.