நாய்க்கடைக்கு உரிமைக்காரி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கடைக்குப் பலகையில் ஒரு பேர், ஊர் வாயில் ஒரு பேர். பலகையில் 'செல்லக்கனி பால்கோவா'. ஊருக்கு அது நாய்க்கடை. வாசலில் எந்நேரமும் ஒரு வெள்ளை நாய் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தால் சனம் வேறென்ன சொல்லும்? ஆனால் செல்லக்கனி காதில் அந்தப் பேர் விழுந்துவிடக் கூடாது. கரண்டியும் கையுமாகச் சண்டைக்கு வந்துவிடுவாள். இருபது வருஷமாக இதே கூத்துதான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு ராஜபாளையத்திலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அங்கே புதிதாகப் பால்கோவாக் கடை போட்ட சோலைச்சாமி, 'நாய்க்கடை' என்ற பேரை நாய்ப் படத்தோடு டிரேட்மார்க்காகப் பதிந்துவிட்டாராம். இனி அந்தப் பேரில் அவள் விற்கக் கூடாதாம். வெளியூர்க்காரர்கள் வேறு போனில் நாய்க்கடையைத் தேடி அவரிடமே ஆர்டர் கொடுத்தார்கள். பாதி வியாபாரம் படுத்துவிட்டது.

"வேண்டாம் வேண்டாம்னு கத்துன பேருதான் தம்பி. அடுத்தவன் தூக்கிட்டுப் போகவும் வயிறு எரியுதே!" என்று வக்கீல் ஜெபினிடம் புலம்பினாள்.

"பதிவை நீக்கச் சொல்லி மனுப் போடுவோம்க்கா. அவருக்கு முன்னாலயே அது ஒங்க கடைப் பேருன்னு காட்டணும். பில்லுல, டப்பாவுல எங்கயாவது இருக்கா?"

எங்கே இருக்கும்? அச்சடித்திருந்தால்தானே!

ஜெபினுக்குச் சட்டென்று ஒரு யோசனை. "சரி, அந்தப் பேரைச் சொன்னதுக்கு யார் யாரைத் திட்டுனீங்க?"

அதற்கா பஞ்சம்? பதினோரு பேர் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். 'நாய்க்கடை எங்கே என்று கேட்ட பாவத்துக்கு என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார்' என்று, ஆட்டோ இம்மானுவேல் வருஷத்தோடு எழுதிக் கொடுத்தார்.

டிரேட்மார்க் அதிகாரி முன்னால் விசாரணை, வீடியோவில், ஜெபின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். 'என் கடையை நாய்க்கடை என்று யாரும் சொல்லக் கூடாது' என்று வியாபாரிகள் சங்கத்துக்குச் செல்லக்கனியே 2012இல் கொடுத்த புகார்.

"பேரே வேண்டாம்னவங்க சார் இவங்க!"

செல்லக்கனிக்கு முகம் செத்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு. ஜெபினோ சிரித்துக்கொண்டே எழுந்தான்.

"சார், எதிர்மனுதாரர் கடை போட்டதே 2021ல. அதுக்கு ஒன்பது வருசம் முன்னாலயே ஊர் எந்தக் கடையை அப்படிச் சொல்லிச்சுன்னு அவங்களே நிரூபிச்சுட்டாங்க."

அதிகாரி செல்லக்கனியைப் பார்த்தார். "நாய்க்கடைன்னா எந்தக் கடைம்மா?"

"எங்கடைதான்யா" என்றவள், பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

நாலு மாதத்தில் சோலைச்சாமியின் பதிவை நீக்கி உத்தரவு வந்தது. மறுநாளே பலகை எழுதும் பால்பாண்டி ஏணியோடு வந்து நின்றான். செல்லக்கனியின் கோபம் அவனுக்கும் தெரியும்.

"அந்தப் பேரை ஓரமாப் பொடுசா எழுதிருவமாக்கா?"

"ஏலே, ஓரமா எதுக்கு? ராஜபாளையத்துல நின்னு பாத்தாலும் தெரியணும்!"