இருவர் பேசிக்கொண்டே நடக்க

முதல் ரிவ்யூ அன்று தேர்வாளர்கள் மேசையைச் சுற்றி நின்று, அட்டையில் செய்த விடுதிக் கட்டடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே ரேடியோ பேச ஆரம்பித்துவிட்டாள். கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்குவது அவள் சுபாவம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவளுடைய அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த பெண். கட்டடக்கலைத் துறையில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் அதைக் கழற்றிப் போட நினைக்கவில்லை.

பக்கத்தில் நின்றவள் புருவம். பிறவியிலேயே காது கேளாதவள். சைகை மொழிக்காரர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. இடது புருவத்தை ஒரு விரலால் நீவினால் அது அவள். வகுப்பில் அதுவே வாய்ப்பேச்சில் 'புருவம்' என்று ஆகிவிட்டது. இந்த இருவரையும் ஒரே திட்டத்தில் ஜோடி சேர்த்தவர் துறைத்தலைவர். மனுஷன் குசும்புக்காரர் என்று வகுப்பு சிரித்தது. ஆனால் ரேடியோ விடாப்பிடியாகச் சைகை மொழி கற்றுக்கொண்டாள். விரல்களைக் குவித்து, கிளி மூக்குபோலப் படபடவென்று திறந்து மூடும் ஒரு பெயரைப் புருவம் அவளுக்கு வைத்தாள். பல்கலைக்கழகம் அனுப்புவதாகச் சொன்ன மொழிபெயர்ப்பாளர் வந்தபாடில்லை. ஆகவே வகுப்பிலும் கேன்டீனிலும் ரேடியோவே மொழிபெயர்த்தாள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும்போது மட்டும் அவளுக்குக் கை ஓடாது. 'அப்புறம் சொல்றேன்' என்று ஒரு சைகை காட்டிவிட்டு அவளும் சிரிப்பில் சேர்ந்துகொள்வாள். அந்த அப்புறம் பெரும்பாலும் வந்ததில்லை.

அன்று மூத்த தேர்வாளர் பென்சிலால் அட்டைக் கட்டடத்தின் நடுவே தொட்டுக் காட்டி, தாழ்வாரம் ஏன் இவ்வளவு அகலம், இடம் வீணாகிறதே என்று கேட்டார். அந்த அகலம் புருவத்தின் யோசனை. கேள்வியை அவர் உதட்டில் பாதி படித்துவிட்டு, பதில் சொல்ல அவள் கையை உயர்த்தினாள். ரேடியோவின் கண் தேர்வாளர் மேல் இருந்தது. ஆபத்து நேரத்தில் எல்லோரும் சட்டென்று வெளியேறலாம், காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று தங்குதடையில்லாமல் அடுக்கினாள். தேர்வாளர் தலையாட்டினார். நல்ல சிந்தனை என்றுகூடச் சொன்னார். உயர்ந்த கை மெல்ல இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும், அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய் என்று புருவம் விசாரித்தாள். ரேடியோ உற்சாகமாக எல்லாவற்றையும் கையால் சொன்னாள். புருவத்தின் முகம் மாறியது.

"நான் கையத் தூக்கினேன். நீ பாக்கவே இல்ல."

"நேரம் இல்லடி. நல்லபடியாதானே முடிஞ்சுது?"

"முடிஞ்சுது. நான் யோசிச்ச கட்டடம். அதுல நானே இல்ல."

அதோடு பேச்சு நின்றது. காது கேட்பவர்களோடு சண்டை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகும் நாலு வார்த்தை கத்தலாம். புருவம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மொழியே போய்விடும். ரேடியோவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்காக ஒரு மொழியையே கற்றோம், வேறு யார் செய்தார்கள் என்று மனசுக்குள் பொருமினாள். ஆனால் வேலை கிடந்தது. அட்டைக் கட்டடத்தின் மேல்தளம் புருவத்தின் வீட்டில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல் அங்கே போய் மணிப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே மணி அடிக்கவில்லை; கூடத்து விளக்கு மின்னி மின்னி அணைந்தது.

தையல்காரர் அப்பா, அம்மா, அச்சகத்தில் வேலை பார்க்கும் அக்கா. அந்த வீட்டில் யாருக்குமே காது கேட்காது. அமைதியான வீடாக இருக்கும் என்று ரேடியோ எண்ணியிருந்தாள். பாத்திரங்கள் உருண்டன. தையல் மெஷின் கடகடத்தது. ஒருவரை ஒருவர் கூப்பிடத் தரையைக் காலால் உதைத்தார்கள். சாப்பாட்டு மேசையில் கைகள் பறந்தன. வகுப்பில் புருவம் எவ்வளவு நிதானமாகத் தனக்காகப் பேசியிருக்கிறாள் என்பது அப்போதுதான் ரேடியோவுக்கு உறைத்தது. அப்பா ஏதோ கதை சொன்னார். அம்மா அடக்க முடியாமல் மேசையைத் தட்டிச் சிரித்தாள். ரேடியோ ஒன்றும் புரியாமல் ஒரு கணம் தள்ளி அசட்டுச் சிரிப்புச் சிரித்து வைத்தாள். என்னவென்று அக்காவிடம் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா ஒரு சைகை காட்டிவிட்டு மறுபடி அப்பா பக்கம் திரும்பினாள். 'அப்புறம் சொல்றேன்.'

அக்கா அதை வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் ரேடியோவைக் குத்தியது. இத்தனை பேர் நடுவில் இவ்வளவு பேச்சை வயிற்றில் வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பது அவளுக்கு வாழ்க்கையில் புதிது. எதிரே புருவம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, கதையை ஆரம்பத்திலிருந்து மெதுவாகச் சொன்னாள்: பேன்ட் குட்டையாகத் தைத்துவிட்டீர்கள் என்று ஒருவர் அப்பாவிடம் சண்டைக்கு வந்தாராம், கடைசியில் பார்த்தால் அவர் போட்டிருந்தது மகனுடைய பேன்ட். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு ரேடியோ மட்டும் தனியாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கியது.

"மன்னிச்சுக்கோ," என்றன அவள் கைகள். "எனக்குத் தெரியல."

"அடுத்த ரிவ்யூல நான் பேசறேன். நீ குரல் மட்டும் குடு," என்றாள் புருவம். "சொந்தச் சரக்கு ஒரு வார்த்தைகூட சேரக் கூடாது. முடியுமா உன்னால?"

முடியும் என்று தலையாட்டினாளே தவிர, ரேடியோவுக்குத் தன் மேல் அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

இறுதி ரிவ்யூவில் புருவம் கட்டடத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். ரேடியோ தேர்வாளர்களோடு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். மூத்தவர் வழக்கம்போல ரேடியோவைப் பார்த்து, "அவங்ககிட்ட கேளும்மா" என்று தொடங்கினார். அவள் புருவத்தை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் திரும்பினார். புருவத்தின் கைகள் எழுந்தன. ரேடியோவின் குரல் அவற்றின் பின்னாலேயே போனது.

"எனக்குக் காது கேக்காது. ரெண்டு பேர் கையால பேசிக்கிட்டே நடக்கணும்னா ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாக்கணும். அப்ப வழிய யார் பாப்பாங்க? அதனாலதான் தாழ்வாரம் அகலம். திருப்பத்துல சுவர் வளைஞ்சு போறதும் அதுக்குத்தான். எதிர்ல வர்ற ஆள் சத்தம் எனக்குத் தெரியாது, உருவம் தெரியணும். போன தடவை என் தோழி காத்தோட்டம்னு சொன்னா. அது பொய் இல்ல. ஆனா என் காரணம் அது இல்ல."

கடைசி வரிகள் ரேடியோவைப் பற்றியவை. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் சொல்லி முடித்தாள்.

மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "விடுதியில இந்த மாதிரி ரெண்டு மூணு பேர்தான் இருப்பாங்க. அவங்களுக்காக எல்லார் இடத்தையும் எடுக்கறது நியாயமா?"

ரேடியோவின் நாக்கு நுனியில் பத்துப் பதில்கள் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டாள். கேள்வியைச் சர்க்கரை பூசாமல் அப்படியே கைக்கு மாற்றினாள். புருவம் கொஞ்சம் யோசித்தாள்.

"நான் இதுவரைக்கும் தங்கின கட்டடம் எல்லாம் உங்களுக்காகக் கட்டினது. நான் அதுல தங்கலையா? ஒண்ணு என்னை நினைச்சுக் கட்டினதா இருக்கட்டும். நீங்களும் வந்து தாராளமா தங்கலாம்."

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். மூத்தவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். அட்டைத் தாழ்வாரத்துக்குள் இரண்டு விரல்களை விட்டு, அருகருகே மெல்ல நடத்திப் பார்த்தார். வளைந்த சுவர் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மதிப்பெண் எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. இருவரும் கீழே இறங்கியபோது நல்ல மழை. புருவத்திடம் ஒரு குடை இருந்தது. அதை விரித்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் புருவத்துக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கையால் ஆரம்பித்தாள். பாதியில் குடை சாய்ந்தது. நின்று, மழையை அண்ணாந்து பார்த்தாள். சட்டென்று குடையை மடக்கிப் பைக்குள் செருகிவிட்டு, இரண்டு கைகளையும் விடுவித்துக்கொண்டாள். கொட்டும் மழையில் ரேடியோ இமையில் வழிந்த நீரைத் துடைத்துத் துடைத்து, அந்தக் கைகளைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்தாள்.