முன்னறையில் இரண்டு பெட்டிகள்

குவைத்தில் மூன்று வருஷம் வேலை செய்துவிட்டு 1980இல் வீடு திரும்பிய பாயிஸ், இடுப்பளவு உயரமான இரண்டு ஸ்பீக்கர்ப் பெட்டிகளையும் கொண்டுவந்திருந்தான். உட்துறைமுக வீதியில் இருந்த அவனுடைய வீட்டு முன்னறையில் நாலு கதிரை போட்டால் நடக்க வழியிருக்காது. சின்னதாய் வாங்கும்படி மனைவி ஸல்ஹா கசெட்டில் பேசி அனுப்பியும் அவன் கேட்கவில்லை. பெரிய பெட்டியில்தான் பேஸ், அந்த அடிச்சத்தம், வரும் என்று கூட்டாளிகள் சொல்லிவிட்டார்களாம்.

பெட்டிகள் இரண்டு மூலைகளையும் அடைத்துக்கொண்டன. பாட்டுப் போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுத்தன. பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் விளங்கவில்லை. அந்த உறுமல் தாங்காமல் ஸல்ஹா பின்பக்கம் போய்விடுவாள்.

ஒருநாள் அவன் கடைக்குப் போன நேரம், பெட்டிகளைச் சுவரைவிட்டு முன்னே இழுத்தாள். பஞ்சு மெத்தையைச் சுருட்டி ஒரு மூலையில் நிறுத்தினாள். பேஸ் திருகைப் பாதிக்குக் குறைத்தாள். பாட்டின் சொற்கள் வெளியே வந்தன. அவன் திரும்பி வந்து, அடி செத்துப்போச்சு என்று எல்லாவற்றையும் பழையபடி வைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஊர்க் கூட்டாளி கலீலுர் றஹ்மானும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். ஸல்ஹா குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாட்டு என்றால் மேளம் இருக்கும், வெறும் குரல் இதில் எப்படி வரும் என்று கலீலுர் கேட்டான். பாயிஸ் வேறொரு கசெட்டைப் போட்டான்.

அது, அவன் குவைத்துக்குப் போன புதிதில் ஸல்ஹா பேசி அனுப்பிய கசெட். வயிற்றுப் பிள்ளை கலைந்துபோனதை அழுதழுது சொல்லியிருந்தாள். அவளுடைய அழுகை மாடு கத்துவதுபோல் அறையை நிறைத்தது. யாரோ சிரித்தார்கள்.

ஸல்ஹா உள்ளே வந்து வயரைப் பிடுங்கினாள். கசெட்டை எடுத்து முந்தானைக்குள் வைத்தாள். வந்தவர்கள் தலை குனிந்தபடி வெளியேறினார்கள்.

"சத்தம் எப்படி வருதெண்டு காட்டத்தானே போட்டனான்," என்றான் பாயிஸ்.

"ஓம், நல்லா வந்தது. உங்களப் பாக்கவே எனக்கு அருவருப்பா இருக்கு."

அன்று பின்னேரமே இறக்கக்கண்டியில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாயிஸ் பெட்டிகளைக் கிண்ணியாவில் கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிற ஒருவருக்குக் கொடுத்து, இரண்டு சின்னப் பெட்டிகள் வாங்கினான். அவள் வைத்திருந்த மாதிரியே சுவரைவிட்டுத் தள்ளி வைத்துவிட்டு, போய் மன்றாடிக் கூட்டிவந்தான்.

ஸல்ஹா கதிரையில் இருந்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக வந்தது.

"இப்ப சரி," என்றாள்.

அவன் ஆறுதலோடு பக்கத்தில் வந்து அவள் கையைத் தொட்டான். அவளுக்கு உடம்பு கூசியது. கையை இழுத்துக்கொண்டு எழும்பி, கிணற்றடிக்குப் போய்க் கழுவினாள்.